சிறுவர்க்குப் போரை எவ்வாறு சொல்வது?

போர்ச் செய்தியை முதியோர் கேட்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து சிறுவரும் கேட்கின்றனர். முன்னாளில் வானொலிப் பெட்டியோடு நின்ற இவ்வழக்கம் இந்நாளில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் பற்றிக்கொண்டது. கேட்ட பிள்ளை மறுநாள் வாப்பாவிடமோ வகுப்பில் உஸ்தாதிடமோ இரண்டு வினாக்களைக் கொண்டுவருகிறது. 'ஏன் சண்டை போடுகிறார்கள்?' என்பது ஒன்று. 'நாம் யார் பக்கம்?' என்பது மற்றொன்று. இவற்றுக்கு எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாது விடுவது, விடுவது பொய்யாகிவிடாதா என்பனவற்றையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் இல்லங்களில் இருவகைப் பழக்கங்களைக் காண்கிறோம். 'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று வாயடைத்துவிடுவது ஒரு வகை. ஆயின், நாம் சொல்லாது விட்ட இடத்தைப் பிள்ளை வெறுமையாக விட்டுவைப்பதில்லை. தெருவில் கேட்ட பாதிச் செய்தியாலும் தன் அச்சத்தாலும் அதனை நிரப்பிக்கொள்கிறது. நாளை நம் வீட்டின் மீதும் குண்டு விழுமோ என்று எண்ணி உறங்காதிருக்கும் பிள்ளை, அதை நம்மிடம் கேட்கவும் துணிவதில்லை. கேட்கக் கூடாதென்று நாமே கற்பித்துவிட்டோம் அன்றோ?

அனைத்தையும் காட்டிவிடுவது மறுவகை. 'அங்குள்ள பிள்ளைகள் அதை அனுபவிக்கும்போது நம் பிள்ளைகள் பார்த்தால் என்ன?' என்பது இவர்தம் வாதம். இதில் நேர்மை இருப்பதுபோல் தோன்றும். ஆயினும் காண்பது வேறு, துன்பத்தில் பங்குகொள்வது வேறு. குருதிக் காட்சியை நாள்தோறும் காணும் பிள்ளை அஞ்சி நடுங்கும். அன்றேல் பழகி நெஞ்சு மரத்துப்போகும். இரண்டும் இரக்கமாகா. மேலும், மரித்தோரின் உடலுக்கும் மார்க்கம் கண்ணியம் வழங்கியுள்ளது. அவ்வுடலைக் கைபேசியில் கைமாற்றி விளையாடும் பொருளாக்குவது அக்கண்ணியத்திற்கு இழுக்கு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெறியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்விப் பகுதியில் ஆசிரியரின் கடமைகளை வகுக்குங்கால், மாணவனைத் தன் மகன்போல் எண்ணிப் பரிவு காட்டுவதை முதலில் வைக்கின்றார்கள். அவனது அறிவு தாங்கும் அளவுக்கே புகட்ட வேண்டும் என்பதையும் அக்கடமைகளுள் ஒன்றாக்குகின்றார்கள். இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், ஒரு கலையை மும்முறை மீண்டும் மீண்டும் அணுகி, முறைதோறும் சற்று விரித்துக் கற்பிக்க வேண்டும் என்கிறார். இலக்கணத்திற்கும் சட்டத்திற்கும் பொருந்தும் இம்முறை போரைப் பற்றிய அறிவுக்கும் பொருந்தும்.

படிப்படியாகச் சொல்வதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிய ஓர் உரைகல் வேண்டும். அது நம் கருத்தில் இதுவே: இன்று பிள்ளைக்குச் சொன்னதோடு நாளை இன்னும் கூட்டிச் சொல்ல நேரலாம், ஆனால் இன்று சொன்னதை நாளை மறுத்துச் சொல்ல நேரலாகாது. 'அங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்பதை நாளை மறுக்க வேண்டிவரும். 'நம்மவர் அனைவரும் நல்லவர், எதிரிகள் அனைவரும் தீயவர்' என்பதையும் மறுக்க வேண்டிவரும். அன்று பிள்ளை அச்செய்தியை மட்டும் ஐயுறாது. நாம் கற்பித்த ஏனையவற்றையும் ஐயுறும்.

சூடான் நாட்டுப் போரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2023 ஏப்ரல் 15-ஆம் நாள் தலைநகர் கார்ட்டூமில் அது தொடங்கிற்று. தளபதி புர்ஹானின் தலைமையிலான தேசிய இராணுவம் ஒருபுறம். ஹமீத்தி என அறியப்பட்ட முகம்மது ஹம்தான் தகலோவின் விரைவு ஆதரவுப் படை மறுபுறம். 2021-இல் கூடி நின்று ஆட்சியைக் கைப்பற்றிய இருவரும் அதிகாரத்தைப் பங்கிடுவதில் பகைத்துக்கொண்டனர். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். 2024 ஆகஸ்டில் தார்ஃபூரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. நெடுநாள் முற்றுகையிடப்பட்டிருந்த அல் ஃபாஷிர் நகரம் 2025 அக்டோபரில் விரைவு ஆதரவுப் படையிடம் வீழ்ந்தபோது, பொதுமக்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர்.

இதனை ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது? வெள்ளை நைலும் நீல நைலும் கூடும் இடத்தில் ஓர் ஊர் உண்டு; அங்கே சண்டை மூண்டதால் நிறையப் பேர் வீட்டை விட்டுப் போனார்கள்; அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுப்போரும் இருக்கிறார்கள்; அந்த ஊர் மிகத் தொலைவில் உள்ளது, நீ அஞ்ச வேண்டியதில்லை. இவ்வளவே போதும். இதில் ஒரு சொல்லும் பொய்யன்று.

சோறு கொடுப்போரைச் சொல்வது வெறும் ஆறுதலுக்காக அன்று. அப்போரில் அக்கம்பக்கத்து இளைஞர்களும் பெண்களும் கூடிப் பொது அடுப்புகளை நடத்தினர். அவற்றைத் 'தக்கியா' என்று அந்நாட்டார் அழைப்பர். நம் கடற்கரை ஊர்களில் 'தைக்கா' என வழங்கும் சொல்லும் அதுவே. போரின் கொடுமை எவ்வளவு உண்மையோ, அவ்வடுப்பின் நெருப்பும் அவ்வளவு உண்மை.

எட்டு முதல் பதினோரு வயது வரையுள்ளோர்க்கு நிலப்படத்தை விரிக்கலாம். ஏன் சண்டை என்றால், நாட்டை யார் ஆள்வது என்பதில் இரு தலைவர்கள் பிணங்கினர் எனலாம். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதையும் சிறார் பல்லாயிரவர் படிப்பிழந்ததையும் சொல்லலாம். அது அவர்களுக்கு எளிதில் விளங்கும் இழப்பு. பன்னிரண்டைக் கடந்தோர்க்கு முற்றுகை, பஞ்சம், படுகொலை என்னும் சொற்களை மறைக்க வேண்டியதில்லை. வெளிநாடுகள் படைக்கலம் தருவதையும் பொன்சுரங்கங்களின் ஆசையையும் அவர்களே ஆராயட்டும். நமக்கு விடை தெரியாத இடத்தில் 'தெரியாது' என்பதை நாணாது சொல்வோமாக.

இனி, இரண்டாம் வினா. 'நாம் யார் பக்கம்?' சூடானில் இரு படையினரும் ஒரே கலிமாவை மொழிபவர். ஒரே கிப்லாவை நோக்குபவர். இக்காரணத்தாலேயே நம்மிற் பலர் அப்போரைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிள்ளைகளின் பற்று குன்றிவிடுமென அஞ்சுகின்றனர். ஆனால் ஹிஜ்ரி 36-இல் நிகழ்ந்த ஜமல் போரையும் 37-இல் நிகழ்ந்த ஸிஃப்பீன் போரையும் நம் பெரியோர் வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டனரா? இல்லை. பக்குவம் எய்திய மாணவர்க்கு, நாவடக்கத்தோடும் துயரத்தோடும் அவற்றை ஓதிக்கொடுத்தனர். எவருடைய ஈமானும் அதனால் அழியவில்லை.

ஆகவே பிள்ளையின் வினாவைச் சற்றுத் திருப்பித் தருவோம். யார் நம்மவர் என்று கேட்பதற்கு முன், அங்கே யாருக்கு அநீதி நேர்ந்தது என்று கேட்கக் கற்பிப்போம். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது பகைவரை அளக்க மட்டும் தரப்பட்ட கோலன்று. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர், அவர்களுட் பெரும்பாலோர் பொதுமக்கள், கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த போரில், 2025 அக்டோபரின் போர்நிறுத்தத்திற்குள், காஸாவில் 67,000-க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுட் குழந்தைகள் பல்லாயிரவர். தொகையின் பெருக்கத்தைச் சிறிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அளவுகோல் ஒன்றே. அதைக் காஸாவுக்கு நீட்டி அல் ஃபாஷிருக்குச் சுருக்கினால், பிள்ளை கற்பது நீதியை அன்று, இனப்பற்றை மட்டுமே.

காஸாவுக்காகக் கண்ணீர் விடும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. இரக்கம் அண்மையில் உள்ளோரிடம் தொடங்குவது இயற்கை. அங்கேயே நின்றுவிடலாகாது என்பதே நாம் வேண்டுவது. கொல்லப்பட்ட பிள்ளையின் பெயரையும் மதத்தையும் கேட்டறிந்த பின்னரே அழுவதா வேண்டாவா என்று முடிவு செய்யும் நெஞ்சு, ஒருநாள் கொல்வோரின் பெயரைக் கேட்டறிந்த பின்னரே கொலையைக் கொலை என்று ஒப்புக்கொள்ளும்.

பேச்சின் முடிவில் பிள்ளையின் கைக்கும் ஒரு பணி வேண்டும். அவ்வூரார்க்காகத் துஆ கேட்கட்டும். உண்டியற் காசில் ஒரு பங்கை உதவிக்கு ஒதுக்கட்டும். தன் வகுப்பில் எவரேனும் தாழ்த்தப்படுங்கால் அவர் பக்கம் நிற்கட்டும். தொலைநாட்டுப் போரை நிறுத்தும் ஆற்றல் பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லை, நமக்கும் இல்லை. ஆனால் அப்பிள்ளையின் உள்ளத்தில் பகை விதைக்கப்படாமல் காக்கும் ஆற்றல் நமக்கு உண்டு. அது குறித்து நாம் வினவப்படுவோம்.