கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீருமா?

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? இக்கேள்விக்கு அமெரிக்காவில் விற்கப்படும் நீண்டகாலப் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் நல்லதோர் உதாரணம்.

முதுமையில் குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் பிறர் கை தேவைப்படும்போது, அச்செலவை ஏற்பதாகக் கம்பெனி வாக்களிக்கிறது. ஐம்பது, அறுபது வயதில் பணம் கட்டத் தொடங்குகிறவருக்குப் பலன் தேவைப்படுவதோ பல ஆண்டுகள் கழித்து. அதற்குள் நினைவே தடுமாறி, அவர் தவணை கட்ட மறந்துவிட்டால்? எந்த நோய்க்கு அஞ்சிப் பாலிசி வாங்கினாரோ, அந்த நோயே பாலிசியைப் பறித்துவிடும்!

இதைத் தடுக்க அந்நாட்டு மாநில இன்ஷூரன்ஸ் ஆணையர்களின் சங்கம் மாதிரி விதிகளை வகுத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் பாலிசியை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். வயதையோ உடல், மன நலிவையோ காட்டி ரத்துச் செய்யக் கூடாது. தவணை தவறும்போது அறிவிப்புப் பெற இன்னொருவரை நியமித்துக்கொள்ளலாம். மறதி நோயால் தவறியதாக நிரூபித்தால், 5 மாதங்களுக்குள் நிலுவையைக் கட்டிப் பாலிசியை மீட்கலாம்.

இவ்விதிகளின் உட்கருத்து நமக்குப் புதிதன்று. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஸஹாபி ஒருவருக்கு, 'ஏமாற்று இருக்கக் கூடாது' என்று சொல்லி வாங்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அளித்ததாக ஓர் அறிவிப்பில் வருகிறது. ஃபிக்ஹு நூல்களில் 'கியாருஷ் ஷர்த்து' எனப்படுவது இதுவே. கடன் பத்திரம் எழுதும்போது அறிவு குறைந்தவர், பலவீனர் சார்பில் அவருடைய வலீ நீதியுடன் வாசகம் சொல்ல வேண்டுமென்று சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்து கட்டளையிடுகிறது.

ஆனால் விதிகள் நல்லவை என்பதால் ஒப்பந்தமே ஆகுமானதாகிவிடாது. மாநிலத்தின் அனுமதியோடு கம்பெனி தவணைத் தொகையை உயர்த்த இடமுண்டு. கட்ட இயலாத முதியவர் கலங்கி நிற்கிறார். நாளை எவ்வளவு கட்டுவோம், என்ன பெறுவோம் என்பது தெரியாத இந்நிலைதான் 'கரர்'. இக்காரணத்தைக் கூறியே 1985இல் ஜித்தாவின் ஃபிக்ஹு அகாடமி வணிக இன்ஷூரன்ஸைத் தடுத்து, கூட்டுறவு முறையை மாற்றாகக் காட்டியது.

அன்புச் சகோதரர்களே! கையெழுத்து காழியின் முன் சாட்சியாகலாம். வாங்குபவர் விளங்காமல் இட்டதை நாம் அறிந்திருந்தால், அல்லாஹ்வின் முன் அதுவே நமக்கு எதிரான சாட்சி. நிலமோ நகையோ சீட்டோ, முதியவரிடம் விற்குமுன் அதன் குறையையும் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். குறையை மறைத்த வியாபாரத்தில் பரக்கத் அழிந்துபோகும் என்பது நபிமொழி. வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.