அடைக்கலப் பொருள்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு எதிரி ஈரம். வெல்லப்பாகு பதம் பார்த்து இறக்கி, வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பிச் சமன்செய்து வெட்டும்போது மொறுமொறுவென்று இருக்கிற மிட்டாய், மழைக்காலத்தில் நாலு நாள் காற்றுப்பட்டால் நமத்துப் பிசுபிசுக்கும். பாக்கெட்டின் ஓரம் சரியாக ஒட்டாமல் நூலளவு வாய்பிளந்திருந்தாலே போதும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிட்டாய் இன்று இணையத்தில் ஆர்டர் வாங்கி வெளிமாநிலங்களுக்கும் போகிறது. அப்படி அனுப்புகிற ஒரு குடும்பத் தொழிலை எண்ணிப் பார்க்கலாம். காலையில் பாகு காய்ச்சிய கைகளே மாலையில் அட்டைப்பெட்டி மடித்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டு அச்சடித்து, கூரியர்க்காரர் வருவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். தினம் இருபது பெட்டி என்றால் சமாளித்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே நாளில் இருநூறு வந்தால் அடுப்பைக் கவனிக்க ஆளிருக்காது.

அப்போதுதான் வீட்டுக்குள் பேச்சு எழுகிறது. சரக்கை மொத்தமாகச் சென்னைப் பக்கம் ஒரு கிடங்குக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் என்ன? இருப்பு வைப்பது, எடுத்துக் கட்டுவது, அனுப்புவது எல்லாம் அவர்கள் பாடு.

இதன் கணக்கைப் போடுவது கடினமில்லை. சரக்கை உள்ளே வாங்க ஒரு கட்டணம், அடுக்கி வைக்கும் இடத்துக்கு வாடகை, ஒவ்வோர் ஆர்டரையும் எடுத்துக் கட்ட ஒரு தொகை, திரும்பி வரும் பெட்டிக்குத் தனிக் காசு. கூரியரில் தராசு காட்டும் எடையோடு முடிவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். 30, 20, 20 அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ மிட்டாய் போனாலும் 2.4 கிலோவுக்குத்தான் பில். கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கேயும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். இதையெல்லாம் ஒரு சாயங்காலத்துக்குள் தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். அந்தத் தாளில் அடங்காத கேள்வி ஒன்று மிஞ்சும். மிட்டாய் நமத்துப்போய்ச் சேர்ந்தால், அந்த வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கலாம். பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட முடியுமா? வியாபாரத்தில் முளைத்தாலும் இது அறம் சார்ந்த கேள்வி. இதற்கு மிக அழுத்தமான பதில், வியாபாரம் பற்றியே பேசாத ஓரிடத்தில், சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

மதுரை மதிலுக்குப் புறத்தே, இயக்கி என்னும் தெய்வத்துக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம், கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி கண்ணகியை அடைக்கலமாகக் கொடுக்கிறார். அதற்கு அடைக்கலக் காதை என்று ஒரு காதையே உண்டு. மாதரி தன் கடமையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. காவலுள்ள ஒரு சிறு வீட்டைக் கொடுத்தாள். சமைக்கப் பாத்திரம் கொடுத்தாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விட்டாள். கண்ணகியின் கணவன் கோவலன் உயிர் போனது பொற்கொல்லன் வஞ்சகத்தாலும் அரசன் ஆராயாமையாலும். மாதரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தன்னை நம்பி விடப்பட்டதைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் புகுந்தாள். இந்தச் செய்தி பிறகு வஞ்சிக் காண்டத்தில், மாடலன் என்னும் மறையவன் வாய்மொழியாகச் சேரன் செங்குட்டுவனுக்குச் சொல்லப்படுகிறது.

படிக்கிறவர்கள் மாதரிக்காக உருகிவிட்டு அடுத்த வரியை வேகமாகக் கடந்துவிடுவதுண்டு. கவுந்தியடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்பது அந்த அடுத்த செய்தி. கண்ணகியை ஒப்படைத்தபோதே தம் கடமை தீர்ந்தது என்று அவர் எண்ணியிருக்கலாம். ஒப்படைத்தது நல்லவளிடம், நல்ல நோக்கத்தோடு. அப்படியும் அவர் அப்படி எண்ணவில்லை. கொடுத்தவர், வாங்கியவர் என்று இருவர் ஆனதால் பொறுப்பு ஆளுக்குப் பாதியாகப் பிரியவில்லை. இருவரிடமும் முழுதாகவே நின்றது. இன்றைக்கு ஒரு பெட்டி மிட்டாய்க்காக யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லைதான். ஆனால் ஒப்படைத்தலின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை வேறில்லை.

வள்ளுவரும் இந்த இடத்தைத் தொடுகிறார். வணிகருக்கென்றே அவர் சொன்ன 120-ஆம் குறள், பொருட்பாலில் இல்லாமல் அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகருக்கு நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 151-ஆம் பிரிவைப் படிப்பவருக்கு இந்தக் குறள் நினைவு வராமல் இருக்காது. பொருளைக் காவலுக்கு ஏற்றவர், சாதாரண முன்யோசனை உள்ள ஒருவர் அதே அளவும் தரமும் மதிப்பும் கொண்ட தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கிடங்குக்காரரின் கடமை இதுதான்.

ஆனால் 152-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அவ்வளவு அக்கறையாகப் பார்த்தும் பொருள் கெட்டுப்போனால், தனி உடன்படிக்கை ஏதும் இல்லாதவரை, அவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. இது நியாயம்தான். மாதரியைச் சட்டம் விடுவித்துவிடுகிறது. அப்போது நஷ்டம் திரும்பிவந்து நிற்பது பொருளுக்கு உடையவர் வாசலில். பெட்டியின்மேல் இருப்பது அவருடைய பெயர்.

பெயர் யாருடையதோ பழியும் அவருடையதே என்பதை 2018-இல் பிரிட்டன் பார்த்தது. அங்கே சுமார் 900 கடைகள் வைத்திருந்த கே.எஃப்.சி., அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று தன் சரக்குப் போக்குவரத்தை பிட்வெஸ்ட் என்ற பழைய நிறுவனத்திடமிருந்து டி.எச்.எல்.லுக்கு மாற்றியது. நாடு முழுவதற்கும் சரக்கு ரக்பி நகரில் ஒரே கிடங்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது புது ஏற்பாடு. சில நாட்களுக்குள் கோழி விற்கும் கடைகளில் கோழி இல்லை. பாதிக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. லாரி யாருடையது, கிடங்கு யாருடையது என்று பூட்டிய கதவுக்கு முன் நின்றவர்கள் விசாரிக்கவில்லை. கே.எஃப்.சி. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, தன் பெயரிலேயே மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே சுமார் 350 கடைகளுக்கான வேலை பழைய நிறுவனத்திடம் திரும்பிப் போனது.

இதனால் எல்லாவற்றையும் தானே செய்வதுதான் அறம் என்று ஆகிவிடாது. அப்படி நினைப்பது பல நேரங்களில் ஒரு வகை அகந்தை. பிறரை ஆராய்ந்து தெளிவதற்கும், தெளிந்தபின் வேலையைக் கொடுப்பதற்கும் வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு உயர்ந்த ஒரு சான்று உண்டு. 622-இல் நபிகள் நாயகம் மக்காவை விட்டு வெளியேறியபோது, ஊரார் அவரிடம் பாதுகாப்புக்குக் கொடுத்திருந்த பொருட்கள் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக தம் உறவினர் அலீயை அங்கேயே விட்டுச் சென்றார். உயிருக்கே ஆபத்தான நேரத்திலும் அந்தக் கணக்கைத் தீர்க்காமல் போகவில்லை. தமிழ் முஸ்லிம்கள் இப்படிப்பட்ட பொருளை அமானிதம் என்பார்கள். இங்கே வேலையை இன்னொருவரிடம் விட்டதுதான் கடமையை நிறைவேற்றிய வழி. யாரிடம் விடுவது என்று தேர்ந்ததில் அந்தப் பொறுப்பு இருந்தது.

பழைய தமிழ் வேதாகமம் எஜமானின் சொத்தை மேற்பார்க்கிறவனை உக்கிராணக்காரன் என்கிறது. உக்கிராணம் என்பது கல்யாண வீட்டிலும் கோயிலிலும் பண்டங்களை வைக்கும் அறை. அந்தப் பார்வையில் மிட்டாய் முதலாளியும் ஓர் உக்கிராணக்காரர்தான். வாடிக்கையாளர் முன்பணம் கட்டிய நிமிடத்திலிருந்து அந்தப் பெட்டி பிறர் பொருள்.

கிடங்கில் வேலை செய்கிறவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது. தகரக் கூரையின் கீழ் நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி கட்டுகிறவர், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவராக இருப்பார். அவர் பெயர்கூட முதலாளிக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. கோவில்பட்டிக் குடும்பம் சட்டத்தின் கண்ணில் அந்த முதலாளி ஆகாது. ஆனாலும் கிடங்குக் கட்டணம் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்கும் கடமை அதற்கும் உண்டு.

ஆக, எப்போது கொடுக்கலாம்? கட்டும் வேலையால் பாகின் பதம் தவறத் தொடங்கினால் கொடுத்துவிட வேண்டும். நல்ல மிட்டாய் செய்வதுதான் அந்தக் குடும்பத்தின் முதல் கடமை. வாடிக்கையாளரின் குறையைக் காதில் வாங்காமல் இருக்கலாம் என்பதற்காகக் கொடுப்பதென்றால் கொடுக்கவே கூடாது. கொடுத்த பிறகும் இரண்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புகார் சொல்ல அழைக்கும் தொலைபேசி கோவில்பட்டியில்தான் ஒலிக்க வேண்டும். திரும்பி வரும் பெட்டிகளில் சிலவாவது கோவில்பட்டிக்கே வந்து, செய்தவர் கையால் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். முழுச் சரக்கையும் தீபாவளிக்கு முன் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு நகரத்து ஆர்டர்களை மட்டும் முதலில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஐப்பசி மழை கொட்டும் ஒரு நாளில் அந்தக் கிடங்குக்குப் போய் வாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, பெட்டிகள் தரையில் கிடக்கின்றனவா பலகைமேல் இருக்கின்றனவா, முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகிறதா என்று பாருங்கள். கட்டுகிறவர்களிடம் மிட்டாயில் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்து, அது எதனால் கெடும் என்பதை நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்.