கொடுக்கப்படாத ஈடு

அயல்நாட்டு வாணிகத்தால் இரு திறத்தாரும் நலம் பெறுவர் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் டேவிட் ரிக்கார்டோ. 1817-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்தார். குறித்த அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டிற்கு 100 பேர் வேண்டும்; போர்த்துகலில் 90 பேர் போதும். அத்துணிக்கு ஈடான திராட்சை மதுவை ஆக்க இங்கிலாந்தில் 120 பேர்; போர்த்துகலில் 80 பேரே. இரண்டிலும் வல்லது போர்த்துகல்தான். எனினும் அது மதுவை மட்டும் ஆக்கித் துணியை இங்கிலாந்திலிருந்து பெறுமாயின், 90 பேர் உழைப்பிற்குரிய துணி 80 பேர் உழைப்பிற்கே கிட்டும். இங்கிலாந்திற்கோ 20 பேர் உழைப்பு மிச்சம். கணக்கில் பிழை காண்பதற்கில்லை.

ஆயின், தறியை விட்ட அந்த 90 பேர் எங்கே செல்வர்? திராட்சைத் தோட்டத்திற்கு என்பது கணக்குத் தரும் விடை. ஐம்பது வயது நெசவாளி கொடியைக் கவாத்துச் செய்யக் கற்பானா என்று கணக்கு கேட்பதில்லை.

இக்குறைக்கு 1939-இல் நிக்கலஸ் கால்டார் ஒரு வழி கூறினார். இங்கிலாந்தில் 1846-இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டதை அவர் எடுத்துக்கொண்டார். ஆதாயம் பெற்றோர் இழந்தோர்க்கு ஈடு செய்த பின்னும் மிச்சம் இருக்குமாயின் அம்மாற்றம் நன்றே என்றார். ஈட்டை உண்மையிலேயே கொடுக்க வேண்டுமா என்பது அரசியல் வினா, பொருளியலார் தீர்ப்புக் கூறத்தக்கதன்று எனவும் ஒதுங்கிக்கொண்டார்.

அறிஞர் தம் எல்லையை உணர்ந்து நின்றது நேர்மையே. ஆனால் அவர் நின்ற இடத்தில் அரசுகளும் நின்றுவிட்டன. கடனாளிக்குத் திருப்பித் தரும் ஆற்றல் உண்டு என்பதால் கடன் தீர்ந்ததாக எவரும் பேரேட்டில் எழுதுவதுண்டோ? தானியச் சட்ட நீக்கத்தில் இழந்தவர் பெருநிலக்கிழார். அவர்க்காகக் கண்ணீர் விட்டவர் சிலரே. இழப்பவன் கூலியை நம்பி வாழ்வோனாயின் அதே வாய்பாடு கொடிதாகிறது. வாணிகத்தைத் தடுக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. தடுப்பதாலும் வேறோர் ஏழை மலிவான துணியை இழப்பான். ஈட்டைக் கொடுத்துவிட்டே பிறகு மிச்சத்தை எண்ண வேண்டும் என்கிறேன்.

இது இயலாத ஒன்றன்று. அமெரிக்கா தன் 1962-ஆம் ஆண்டு வாணிகச் சட்டத்தில், இறக்குமதியால் வேலையிழப்போர்க்கு உதவித்தொகையும் பயிற்சியும் வழங்க இடம் செய்தது. நம் நாட்டிலும், 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தை அடுத்து, 1992-இல் தேசியப் புதுப்பித்தல் நிதி ஏற்பட்டது. வேலையிழப்போர்க்கு மறுபயிற்சியும் மாற்றுத் தொழிலும் தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பணத்தின் பெரும்பகுதியோ பொதுத்துறை ஊழியரின் விருப்ப ஓய்விற்கே சென்றது. பதிவேட்டில் பெயரின்றி உழைத்தோரை அது பெரிதும் எட்டவில்லை.