பள்ளியில் சமயக் கல்வி

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்குச் சமயம், தத்துவம், ஒழுக்கம் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுமா என்னும் வினாவுக்கு நம்மவரிடையே இரு விடைகளைக் கேட்கின்றோம். பள்ளியில் சமயப் பேச்சே வேண்டா என்பர் ஒரு சாரார். நம் தம்மத்தையும் அங்கே போதித்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நிறைவான விடையாகா என்பது நம் கருத்து.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிதல் நலம். முழுவதும் அரசாங்கப் பொருளால் நடைபெறும் பள்ளிகளில் சமய போதனை கூடாதென இந்திய அரசியலமைப்பின் 28-ஆம் விதி விலக்குகின்றது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பிற பள்ளிகளிலும், பெற்றோர் இசைவின்றி எச்சிறுவரையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்துதல் ஆகாது. சிறுபான்மையோராகிய நமக்கு இது கவசமாகும். ஆயினும், ஒரு சமயத்தைப் போதித்தல் வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு என்று 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் கமிஷன் பிரித்துக் காட்டிற்று. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய கல்வி இவ்விதிக்கு முரணாகாதெனத் தீர்ப்பளித்தது. ஆகவே கதவு திறந்தே உள்ளது. அக்கல்வி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே நம் முன் நிற்கும் வினா.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் கொண்டு செல்லப்பட்டனர் என்றும், அதற்காகத் தாம் வருந்துவதாகவும் அசோகச் சக்கரவர்த்தி 13-ஆம் பாறைக் கல்வெட்டில் பொறித்தார். இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்கின்றோம். ஆனால் கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அக்கல்வெட்டு இல்லை. அந்நாடும் அவர் ஆட்சியின் கீழேயே இருந்தது. துன்புற்றோர் முன் உரைக்காத வருத்தம் நிறைவான வருத்தமாகுமா? மனந்திருந்தியவர் வென்றதைத் தாமே வைத்துக்கொள்ளலாமா? வகுப்பில் ஆசிரியர் இவ்வாறு வினவின் நம்மில் சிலர் மனம் நோகக்கூடும். பிறர் சமயத்தை உரைகல்லில் தேய்க்கலாம், நம்முடையதை மட்டும் தேய்க்கலாகாது என்போமாயின், நாம் கேட்பது கல்வியாகாது, சலுகையே ஆகும்.

காலாமருக்குப் பகவான் அருளிய அறிவுரையை நாம் மேடைதோறும் எடுத்தோதுகின்றோம். பரம்பரை வழக்கென்றோ, சொல்பவர் நம் ஆசிரியர் என்றோ எதையும் ஏற்க வேண்டா என்பதன்றோ அதன் சாரம்! பாபாசாகேப் அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் தம் முடிவை அறிவித்தார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தம்மம் ஏற்றார். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் ஆராய்ச்சிக்கு உரியனவாயின. நம் முன்னோரும் பிறப்பால் வந்த சமயத்தை வினவிய பின்னரே அதனை விட்டு நீங்கினர். அவர்கள் ஆராய்ந்து ஏற்றதை நம் மக்கள் ஆராயாமல் ஏற்பாராயின், பிறப்பே சமயத்தை விதிக்கும் பழைய முறையை நாமே மீண்டும் நாட்டியவராவோம்.

ஆராயும் பிள்ளை நம்மினின்று வேறுபட்ட முடிவுக்கு வரின் என் செய்வது? இவ்வச்சம் நமக்கும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் நாம் நுகர்ந்த உரிமையை நம் மக்களுக்கு மறுக்க நமக்கு என்ன நியாயம் உண்டு?

ஆதலின் பள்ளியில் நாம் வேண்டத்தக்கவை மூன்று. ஒவ்வொரு சமயமும் அதனைப் பின்பற்றுவோர் ஒப்பும் வண்ணம் விளக்கப்படல் வேண்டும். தேர்வில் மதிப்பெண் நம்பிக்கைக்கு அன்றிக் காரணங் காட்டும் திறனுக்கே அளிக்கப்படல் வேண்டும். எப்பிள்ளையின் சாதியையும் சமயத்தையும் வகுப்பறையில் பலரறியக் கேட்டு நாணச் செய்தல் கூடாது.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாலையில் திரும்பும் பிள்ளையிடம், இன்று என்ன விடை கற்றாய் எனக் கேட்பதோடு நில்லாமல், என்ன வினா எழுப்பினாய் என்றும் கேட்போமாக. அவ்வினா நம்மையே நோக்கி எழுந்ததாயினும் பொறுமையுடன் செவிமடுப்போமாக.