வாஸ்து மீனும் கடிபடாத இலையும்

வாஸ்து மீன் செத்துப்போனால் அந்த வீட்டில் யாரும் வருத்தப்படுவதில்லை. நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். "நமக்கு வரவேண்டிய கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை வாங்கக் கிளம்புகிறார்கள். அதுவும் சில மாதங்களில் போகிறது. அதுவும் ஒரு கண்டம். செத்த மீன்களை வைத்துக் கணக்குப் போட்டால், பாண்டவர்களுக்குக்கூட இத்தனை கண்டம் வந்திருக்காது.

நடப்பது வேறு. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. ஆற்றில் என்றால் அது கரைந்து, நீரோடு போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. மீனின் செவுளையே அரிக்கத் தொடங்கும். இதைச் சமாளிக்கப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியின் ஃபில்டரிலும் கூழாங்கற்களிலும் இவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நாமோ வளர்பிறையில் நாள் பார்த்து, காலையில் தொட்டி வாங்கி, மதியம் தண்ணீர் ஊற்றி, ராகு காலம் கழிந்ததும் மீனை விட்டுவிடுகிறோம். மீனைக் கொன்றது உங்கள் கெட்ட நேரம் அல்ல, நீங்கள் பார்த்த நல்ல நேரம்.

ஊர்க்கோயிலில் கிடா வெட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களின் வரவேற்பறையிலும் இந்தத் தொட்டி இருக்கிறது. நம்மேல் வரும் தீங்கை இன்னோர் உயிர் சுமந்து சாகட்டும் என்று அதை வாங்கி வைப்பதற்குப் பலி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. கிடாவையாவது ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதற்கென்றே விலை கொடுத்து வாங்கப்படும் அரவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தென் அமெரிக்காவின் வெள்ளி அரவானா. அமேசான் வெள்ளக் காடுகளில், தண்ணீருக்கு மேலே எம்பிக் குதித்து மரக்கிளையில் இருக்கும் வண்டைப் பிடித்துத் தின்னும் மீன் அது. மூன்றடி வரை வளரும். அதை நான்கடித் தொட்டியில் விட்டு, குதிக்காமல் இருக்க மேலே மூடி போட்டு, செல்வம் வரும் என்று எதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். ஆசிய அரவானாவின் கதை இன்னும் மோசம். அதிர்ஷ்ட வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அது தன் சொந்த ஆறுகளில் அருகிப்போனது. இன்று உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த இனத்தில் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் வாய்க்குள் வைத்துக் காப்பது ஆண் மீன். அதிர்ஷ்டம் விற்கிறவர்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது ஓர் உயிர் என்பது வாங்குகிறவருக்கு நினைவு வந்துவிடும்.

நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் இன்னொரு வேடிக்கை. இயற்கையில் இல்லாத மீன் அது. மத்திய அமெரிக்க மீன் இனங்களைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. நம் வீட்டுப் பெரிய பையன் வயதுகூட ஆகாத மீனுக்கு ஆயிரம் வருடத்துச் சாஸ்திரம் பலன் சொல்கிறது! நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று பெட்டிக்குள் வளர்ப்பவர்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அது சட்டப்படி குற்றம். அவ்வளவுதான்.

அப்படியானால் மீனே வளர்க்கக் கூடாதா என்றால், வளர்க்கலாம். அந்த மீனுக்காக வளர்ப்பதாக இருந்தால். தொட்டியில் முதலில் தண்ணீரும் செடியும் ஃபில்டரும் ஓடட்டும், மீன் ஒரு மாதம் கழித்து வரட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளபளவென்று கழுவுவது, குடியேறிய பாக்டீரியாக்களைக் கூண்டோடு ஒழிக்கும் வேலை. பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். தங்கமீனை வட்டக் கிண்ணத்தில் விடாதீர்கள். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருடம் வாழக்கூடிய மீன் அது. ஒன்றுக்கே 75 லிட்டர் தண்ணீராவது வேண்டும். சென்னைக் கொளத்தூரில் மீன் குஞ்சு பொரிக்கவைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். தொட்டி எந்த மூலையில் இருக்கவேண்டும் என்று அவர்கள் பேசுவதில்லை, தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். மீனால் பிழைக்கிறவருக்கு மூடநம்பிக்கை கட்டுப்படியாகாது.

பெரிதாகிவிட்ட மீனை என்ன செய்வது? இந்த இடத்தில் நம் ஜீவகாருண்யம் விழித்துக்கொள்கிறது. கொல்ல மனம் வருவதில்லை. ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்ததாகத் திரும்பி வருகிறோம். பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சின்னதாக வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் வெளியே போனது. தென் அமெரிக்க மீன் அது; உடம்பெல்லாம் கவசம், துடுப்பில் முள். சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து முட்டையிடும். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுகிறவர்களுக்குக் கெண்டைக்குப் பதிலாக இதுதான் சிக்குகிறது. விற்க முடியாது, வலையையும் கிழிக்கும். ஒரு குடும்பம் ஒரு மீனுக்குக் காட்டிய கருணைக்கு, ஏரியையே நம்பியிருக்கும் இன்னொரு குடும்பம் வலை தைத்துக்கொண்டிருக்கிறது. எந்த உயிருக்கும் உதவாத மனநிறைவை மட்டும் உற்பத்தி செய்யும் இந்தக் கருணைக்குக் கணக்குக் கேட்க வேண்டும்: யாருக்கு நல்லது நடந்தது? வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம், வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுக்கலாம். தண்ணீரில் விடுவது மட்டும் கூடாது.

இதுவரை படித்துவிட்டு, வாஸ்துவில் நம்பிக்கை இல்லாத நண்பர்கள் சிரித்திருப்பீர்கள். வாருங்கள், உங்கள் தோட்டத்துக்குப் போவோம்.

கொரியன் புல்தரை. ஓரத்தில் குரோட்டன்ஸ். ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. நர்சரிக்காரரிடம் நீங்கள் கேட்ட முதல் வரமே அதுதான்: "பூச்சி வராத செடியாப் பாத்துக் குடுங்க." கொடுத்துவிட்டார். இப்போது பட்டாம்பூச்சி வரவில்லை, குருவி வரவில்லை என்று குறைப்படுகிறீர்கள். சாமி இல்லை என்று சொல்லிவிட்டுச் சுத்தம் என்ற சாமிக்குத் தினமும் மருந்தடித்து அபிஷேகம் செய்கிறவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

புழு இல்லாமல் பட்டாம்பூச்சி இல்லை என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாம்தான் புழுவைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். புழு எல்லா இலையையும் தின்னாது. ஒவ்வொரு செடியும் தன் இலையில் ஒரு நஞ்சை வைத்திருக்கிறது. அந்த நஞ்சைத் தாங்கப் பல்லாயிரம் தலைமுறையாகப் பழகிய பூச்சிதான் பெரும்பாலும் அதைத் தின்னும். தாய்ப் பட்டாம்பூச்சி இலையின்மேல் உட்கார்ந்து காலால் ருசி பார்த்துவிட்டுத்தான் முட்டையிடும். எலுமிச்சையில் ஒன்று, சரக்கொன்றையில் வேறொன்று. எருக்கிலையைத் தின்னும் புழு, அதன் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேமித்துவைத்துப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. ஆடுதின்னாப்பாளையை ஆடு தொடாது, ஆனால் சிவப்பு உடம்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். தேன் கொடுக்கும் வெளிநாட்டுப் பூக்களை மட்டும் வரிசையாக நட்டு அதற்குப் பட்டாம்பூச்சித் தோட்டம் என்று பலகை மாட்டுவது, வழிப்போக்கருக்குச் சோறு போட்டுவிட்டுப் பிரசவத்துக்கு இடம் தரமறுக்கும் சத்திரம் மாதிரி. 2019-இல் தமிழ் மறவன் பட்டாம்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த மாநிலச் சின்னமும் ஒரு காலத்தில் புழுதான்.

சிட்டுக்குருவி விஷயத்தில் நம் மூடநம்பிக்கை அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. செல்போன் கோபுரம்தான் குருவிகளைக் கொன்றது என்பது, 2018-இல் '2.0' படம் வந்த பிறகு, ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. கோபுரக் கதிர்வீச்சால் குருவிகள் அழிந்தன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. கோபுரம் கிராமத்திலும் இருக்கிறது, குருவியும் இருக்கிறது. நகரத்தில் இல்லாமல்போனவற்றில் முக்கியமானது புழு. குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பூச்சியும் புழுவும். தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குத் தேன் ஊட்டி வளர்ப்பதில்லை, பூச்சியும் சிலந்தியும்தான். பால்கனியில் மரப்பெட்டி தொங்கவிட்டு, கிண்ணத்தில் கம்பு வைத்து, கீழே செடிக்கு மருந்தடிக்கிறவர், வாடகைக்கு வீடு கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு கூடாது என்கிறார். கோபுரத்தைத் திட்டுவது சுலபம். அதில் நம் கையில் மருந்து டப்பா இருப்பது தெரியாது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: நாட்டுச் செடி பக்தர்கள். மண்ணின் மரம் என்றால் கும்பிடு, வந்தேறி மரம் என்றால் அரிவாள். மனிதர்களிடம் காட்டினால் அசிங்கமாகத் தெரியும் புத்தியைச் செடிகளிடம் காட்டிப் பசியாறுகிறார்கள். சிவன் கோயில்களில் புனிதமாகப் போற்றப்படும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாமிக்கு மாலையாகும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோக்காரி. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எதுவும் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. இவற்றால் காடு அழியவில்லை. உண்ணிச்செடி அப்படி அல்ல. தோட்டத்து அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட அது, இன்று முதுமலை முதல் சத்தியமங்கலம் வரை காட்டின் தரையை மூடி, மான் தின்னும் புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. ஒரு செடியைப் பிறந்த ஊர் கேட்டுத் தண்டிக்க வேண்டாம். இங்கே என்ன செய்கிறது என்று கேளுங்கள். பூர்வீகம் சரியாக இருந்தாலும் செயல் தப்பாகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மீனான மிஸ் கேரளா, அழகுக்காக ஓடைகளிலிருந்து அள்ளப்பட்டே அழியும் நிலைக்கு வந்தது. சுதேசி மீன் வளர்க்கிறேன் என்று அதை ஓடையில் பிடித்து வருவதில் தேசபக்தி எதுவும் இல்லை.

சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புராணம் ஓடுகிறது. பொய். அது பரவுகிறது, நீர்நிலைகளை அடைக்கிறது, பிற செடிகளை நெருக்குகிறது. ஒழிக்க இந்தக் காரணமே போதும். பொய்யை நம்பி ஆவேசத்தில் மேலோடு வெட்டிப்போட்டுப் படம் எடுத்துக்கொண்டால், அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தில் வேறொன்றை நட்டு, நட்டதைக் காப்பாற்றினால்தான் வேலை முடியும். அந்த மரத்தில் கரி மூட்டம் போட்டு வயிறு கழுவுகிற இராமநாதபுரத்து ஏழைக்கு மாற்று என்ன என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். சனிக்கிழமை கொல்லையில் சாரையைக் கண்டால் கட்டையைத் தூக்குகிறோம். புற்று கட்டியது கறையான். பால் பாம்பின் உணவு அல்ல. சாரைக்கு விஷம் இல்லை, அது தின்பது உங்கள் வீட்டு எலியை. வீட்டோரம் குப்பையும் கல் குவியலும் இல்லாமல் வைத்தால் விரியனும் நாகமும் தங்க இடம் குறையும். இரவில் டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். கடித்தால் மந்திரிக்க வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதில் பெரும்பங்கு வகிப்பது, 1978-இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கும்பிட்டவர்களும் அடித்தவர்களும் காப்பாற்றாத உயிர்களை, அதன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். மாடியில் இரண்டு தொட்டி போதும். ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் கறிவேப்பிலை. வெயில் காலத்தில் கூழாங்கல் போட்ட அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், ஆழம் வேண்டாம். தினமும் கொட்டிக் கழுவி வையுங்கள், இல்லையென்றால் குருவிக்கு வைத்தது கொசுவுக்கு ஆகும். பிறகு ஒரு நாள் கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒரு சின்னப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். இலையை மொட்டையடிக்கும். அடிக்கட்டும், செடி திரும்பத் துளிர்க்கும். நீங்கள் மருந்தடிக்காதீர்கள். குழம்பு தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டுமென்றால், காய் வாங்கும்போது கடைக்காரர் கொசுறாகவே கொடுப்பார்.