கை தவறினால்

பிரிட்டனில் காது கேளாதோருக்குக் கையால் மொழிபெயர்ப்பவர்களில் பலர், மாதச் சம்பளமின்றித் தனித்துத் தொழில் செய்கிறவர்கள். அவர்களுக்கென உள்ள தேசியப் பதிவேட்டில் பெயர் வேண்டுமானால், தொழிலில் நேரும் பிழைக்கு இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும். நியாயமான விதிதான்.

'தினம் ஒரு மாத்திரை' என்று டாக்டர் சொன்னதைக் கை 'மூன்று' என்று காட்டிவிட்டால்? டாக்டருக்குச் சைகை தெரியாது. நோயாளிக்குக் குரல் கேட்காது. தவறு நேர்ந்ததை அறியக்கூடியவர் அந்த அறையில் ஒருவரே.

அவர் கையிலிருக்கும் பாலிஸியோ, கம்பெனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளாதே என்கிறது. இத்தகைய பாலிஸிகளில் இது வழக்கமான நிபந்தனை. (பொடி எழுத்தில் இருக்கும், பெரிய விஷயங்களை அப்படித்தானே அச்சிடுகிறார்கள்!) இதைக் காட்டி வாயை மூடிக்கொள்வது எத்தனை சௌகரியம்! ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டதை மட்டுமே வைத்துக் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. சட்டத்துக்கே இவ்வளவு இரக்கம் இருக்கிறது.

பணம் யார் தருவது என்பதைக் கம்பெனி நிதானமாகப் பேசிக்கொள்ளட்டும். மூன்றை ஒன்றாகத் திருத்த யாருடைய சம்மதம் வேண்டும்? நோயாளி இன்னும் மருந்துக்கடை வாசலில்தான் நிற்கிறார்.