அறியாமையும் அறக்கடமையும்

நோயுற்றுப் படுத்துவிட்ட பசுவின் வலியைத் தணிப்பது நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமிராது. உழைத்து ஓய்ந்த வாயில்லாச் சீவனுக்கு ஊசி மருந்திட்டு அதன் வேதனையைக் குறைத்த உழவரையும் கால்நடை மருத்துவரையும் நாம் வாழ்த்தவே செய்வோம். ஆயின், அந்நற்செயலே இலட்சக்கணக்கான பறவைகளின் அழிவுக்கும், அதன் வழியாக மனிதர் பலரின் சாவுக்கும் காரணமாயிற்று என்றால், பொறுப்பு யாருடையது? நல்லெண்ணம் ஒன்றே ஒரு செயலை நற்செயலாக்கிவிடுமா? இது கற்பனையாக எழுப்பும் வினா அன்று. நம் நாட்டில் நிகழ்ந்ததைக் கண்டு எழுப்பும் வினா.

பழந்தமிழர் ‘பாறு’ என வழங்கிய பிணந்தின்னிக் கழுகை நாம் சிறுவராயிருந்த நாளில் கண்டதுண்டு. ஊர்ப்புறத்துப் பொட்டலில் மாடொன்று செத்துக் கிடந்தால், வானில் புள்ளிகளாய்த் தோன்றி, வட்டமிட்டு இறங்கும். பொழுது சாய்வதற்குள் எலும்புகளே எஞ்சும். அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டோமேயன்றி, அவை ஊருக்குச் செய்த தொண்டினை எண்ணிப் பார்த்தோமில்லை. அவற்றின் இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலம், அழுகிய இறைச்சியிலுள்ள நோய்க்கிருமிகள் பலவற்றை அழித்துவிடும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

1990-களில் இராஜஸ்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் பூங்காவில் இக்கழுகுகள் தலை தொங்கி அமர்ந்திருந்து செத்து விழுவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கண்டு பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே எஞ்சின. தொற்றுநோயோ, பூச்சிக்கொல்லியோ என அறிஞர் தேடினர். விடை பாகிஸ்தானில் கிடைத்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடன் பணியாற்றிய பாகிஸ்தானியரும் 2004-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்மையாய்ப் படிந்து இறந்த 25 கழுகுகளைச் சோதித்தனர்; அனைத்திலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 கழுகுகளுள் ஒன்றிலும் அது இல்லை.

மூட்டுவலிக்கு நாமும் உட்கொள்ளும் மருந்துதான் அது. விலை மலிந்ததால் கால்நடைகளுக்கும் அது பரவலாகப் பயன்பட்டது. மருந்திட்ட சில நாள்களுக்குள் இறந்த மாட்டைத் தின்ற கழுகு பிழைக்கவில்லை. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இப்பேரழிவுக்குப் போதும் எனக் கணக்கிட்டனர். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்யும்?

உண்பாரற்ற பிணங்கள் வெளியிலும் நீர்நிலையோரத்திலும் அழுகின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் பெருகியது. கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் அவை மறைந்தபின் மனித இறப்பு 4 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது எனவும், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் எனவும் பொருளியல் அறிஞர்கள் ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் 2024-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டனர். மதிப்பீடுதான், ஆயினும் அதில் ஒரு பகுதியே உண்மை எனக் கொண்டாலும் நெஞ்சு நடுங்குகிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். அறியாமை எல்லாம் ஒரே தன்மையதன்று என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டும் தெளிவு. எவ்வளவு முயன்றாலும் நீக்கவியலாத அறியாமை குற்றமாகாது. அறிய முடிந்ததை, அறிய வேண்டியதை, அறியாதிருத்தல் குற்றமாகும். இவ்வளவுகோலின்படி, 1990-களில் பசுவுக்கு மருந்திட்ட உழவர் குற்றமற்றவர், மருத்துவரும் அவ்வாறே. பசுவை வேதனையில் விட்டிருக்க வேண்டும் என்று எவரும் கூறார்.

ஆயினும் இத்தீர்ப்போடு நம் மனம் அமைதி அடைவதில்லை. மாட்டைக் கால்நடை மருத்துவர் அறிந்திருந்தார். கழுகைப் பறவை அறிஞர் அறிந்திருந்தார். நாய்க்கடிபட்ட குழந்தையை அரசு மருத்துவமனை அறிந்திருந்தது. ஆனால் மாட்டிலிருந்து கழுகுக்கும், கழுகிலிருந்து குழந்தைக்கும் நீண்ட சங்கிலியை முழுமையாகக் கண்டவர் எவருமில்லை. தனியொருவரால் நீக்கவியலாத அறியாமை அது. கூடி அமர்ந்து வினவியிருந்தால் முன்னதாகவே நீங்கியிருக்கக்கூடிய அறியாமையும் அதுவே. எனவே குற்றம் தனிமனிதரிடம் இல்லாவிடினும், ஒருவரையொருவர் வினவாத நம் அறிவுத்துறைகளின் வாழ்க்கை முறையில் ஒரு குறை இருந்தது. எல்லாவற்றையும் அறிவது எவர்க்கும் இயலாது. அடுத்தவரைக் கேட்பது எல்லோர்க்கும் இயலும்.

கேட்கத் தொடங்கியபின் வழி பிறந்தது. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்தாகிய மெலாக்சிகாமை முதலில் தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் இந்தியாவிலும் சோதித்துத் தேர்ந்தனர். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் 2006-இல் தடை செய்யத் தொடங்கின. பசுவின் வலியும் தணிந்தது. கழுகுக்கும் வாழ்வு கிடைத்தது. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலம் ஒன்றே என்னும் கொள்கையை 2004-இல் நியூயார்க்கில் கூடிய அறிஞர் மன்றம் வகுத்துரைத்தது. இன்று உலக நலவாழ்வு நிறுவனம், உலக விலங்கு நல நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் இந்நோக்கில் இணைந்து செயலாற்றுகின்றன. இத்தகைய கூட்டுறவை அறிவியலாரின் வசதிக்கான ஏற்பாடு என்று மட்டும் நாம் கருதலாகாது. நீக்கக்கூடிய அறியாமையை நீக்க முனைவதால், அது ஓர் அறக்கடமையும் ஆகும்.

ஆனால் அறிவு வந்தபின் அறம் கடினமாகிறது. தடைக்குப் பின்னும் மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாடுகளுக்கு இட்டவர் பலர். ஆகவே 2015-இல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்கும், கழுகுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து 2023-இல் விலக்கப்பட்டன. முன்னர் அறியாது செய்தவருக்கும் பின்னர் அறிந்தே செய்தவருக்கும் இடையே ஊசியிலோ மருந்திலோ வேறுபாடில்லை. வேறுபாடு மனச்சான்றில் உள்ளது.

தமிழகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இக்கழுகுகள் இன்றும் வட்டமிடுகின்றன. நம் பங்குகளில் மாடு வளர்ப்போர் பலர் உள்ளனர். மருந்துக் கடையில், “இது எந்த மருந்து? மாட்டுக்கு இடலாமா?” என்று ஒரு சொல் கேட்பது அவர்களுக்குப் பெரும் சுமையன்று. நல்லது செய்ய விழைவோர், தாம் செய்வது எங்கே சென்று முடிகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். கேளாமல் செய்த நன்மைக்குக் கேட்டறியாத யாரோ விலை கொடுத்தனர் என்பதை நாம் மறவாதிருப்போம்.